குட்டி கேலக்சியோட வாயுவ யாரு பிடுங்குறா?

எல்லாருக்கும் வணக்கம். பெரிய கேலக்சி பக்கத்துல போற குட்டி கேலக்சியோட வாயு என்ன ஆகுதுங்கறதுதான் இன்னைக்கு விஷயம், அதுக்கு மெகல்லன் மேகங்கள விட நல்ல கேஸ் கிடையாது. பேருதான் மேகம், நிஜத்துல நம்ம கேலக்சியான பால்வெளி பக்கத்துல இருக்கற ரெண்டு குட்டி கேலக்சிங்க. பெருசு 1,60,000 ஒளியாண்டு தூரம், சின்னது 2 லட்சம். டிசம்பர் நடுராத்திரி கன்னியாகுமரில தெற்க பார்த்தா பெருசு கடலுக்கு மேல மங்கலா தெரியும், அடிவானத்துலேர்ந்து சுமார் 12 டிகிரிதான் ஏறும், பக்கத்துல லைட் எரிஞ்சா ஆசைய விட்ருங்க.

நாம பார்க்கறது நட்சத்திர வெளிச்சம். ஹைட்ரஜன் வாயு தெரியணும்னா 21 செ.மீ. ரேடியோ அலைல பார்க்கணும். 1974ல ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப்லேர்ந்து மேத்யூசன்ங்கற விஞ்ஞானியோட டீம் அப்படிப் பார்த்தப்போ, ரெண்டு மேகத்துக்கும் பின்னாடி வாயு நீளமா இழுபட்டுக் கிடக்கு. அதுதான் மெகல்லன் ஓடை. முன்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கறதையும் சேர்த்தா சுமார் 200 டிகிரி, அதாவது வானத்துல பாதிச் சுத்துக்கும் மேல!

சரி, இழுத்தது யாரு? ஒண்ணு ஈர்ப்பு, அது நட்சத்திரம் வாயுன்னு பார்க்காம எல்லாத்தையும் சேர்த்து இழுக்கும். இன்னொண்ணு ராம் பிரஷர், அதாவது வாயுவுக்குள்ள வேகமா போறப்போ எதிர்காத்து மாதிரி வர்ற அழுத்தம். காத்தே இல்லாத நாள்லயும் பைக்ல வேகமா போனா தோள்ல கிடக்கற துண்டு பறக்குதுல்ல, அந்தக் கதை. பால்வெளியச் சுத்தி சூடான வாயு இருக்கு, மேகங்கள் இருக்கற தூரத்துல அது எவ்ளோ மெலிசுன்னா ஒரு துகளுக்கு 10 லிட்டர் இடம், ஆனா பெரிய மேகம் செகண்டுக்கு 320 கி.மீ. வேகத்துல போகுது, அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தாப்ல ஏறும், அதனால அந்த மெலிசு போதும். நட்சத்திரத்த அது அசைக்கவே அசைக்காது. பெரிய மேகத்தோட முன்பக்கம் வாயு சுமார் 20,000 ஒளியாண்டுல வெட்டுன மாதிரி நின்னுடுது, நட்சத்திரங்க அதத் தாண்டியும் இருக்கு, இதவிட நேரடி சாட்சி என்ன வேணும் சொல்லுங்க.

ஓடையிலயும் ரொம்ப வருஷமா நட்சத்திரமே சிக்கல, அப்போ அதுவும் காத்து வேலைதான்னு நிறைய பேர் நினைச்சாங்க. ஆனா 2006ல ஹப்பிள் டெலஸ்கோப்ல அளந்து பார்த்தா இந்த மேகங்க வர்ற வேகம் ரொம்ப அதிகம், அனேகமா இப்பதான் முதல் தடவையா பால்வெளிகிட்ட வருதுங்க. அப்போ இவ்ளோ நீள ஓடைய பால்வெளி மட்டும் பிடுங்க டைம் ஏது? வர்ற வழியிலயே பெருசு சின்னதோட வாயுவ இழுத்திருக்கணும். 2013ல ஓடையோட கெமிஸ்ட்ரி பார்த்தாங்க, பெரும்பகுதில கன தனிமங்கள் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மத்ததெல்லாம்) சூரியன்ல இருக்கறதுல பத்துல ஒரு பங்குதான், அது சின்ன மேகத்தோட பழைய வாயுவுக்குப் பொருந்துது. 2023ல ஓடையோட தொலைவான பகுதில நட்சத்திரங்களும் மாட்டிச்சு. என்னைக் கேட்டா, ஈர்ப்பு மொதல்ல பிரிச்சு வெளிய போட்டுச்சு, காத்து அப்புறம் கலைச்சு விட்டுச்சு.

பால்வெளிலேர்ந்து சுமார் 10 லட்சம் ஒளியாண்டுக்குள்ள சுத்துற மத்த குட்டிங்களப் பாருங்க, கிட்டத்தட்ட எதுலயுமே வாயு கிடையாது, புது நட்சத்திரமும் பிறக்கல. லியோ டிங்கற குட்டி கேலக்சி அந்த எல்லைக்கு வெளிய இருக்கு, இதுங்கள்ல பலதை விட ரொம்பப் பொடிசு, ஆனாலும் அதுகிட்ட இன்னும் வாயு இருக்கு. அப்போ பெருசுகிட்ட நெருங்குனாதான் வாயு போகுதுன்னு தோணுது.