தவணையில் வந்த வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். வங்கதேசத்துக் கிராமங்களுக்கு வெளிச்சம் வந்த கதையைப் பேச வந்திருக்கிறேன். ஒரு சின்ன சூரியப் பலகை, ஒரு பேட்டரி, சில விளக்குகள். இவ்வளவுதான் சாமான். 2003இலிருந்து 2018க்குள் சுமார் 41 லட்சம் வீடுகளுக்கு இது போய்ச் சேர்ந்தது.

பணம் வெளியிலிருந்து வந்ததுதான். முதலில் உலக வங்கி, பிறகு ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் சேர்ந்தன. ஆனால் அதை நிர்வகித்தது இட்கால் என்ற அந்நாட்டு அரசு நிதி நிறுவனம். 2008க்குள் 50,000 வீடுகள் என்பது முதல் இலக்கு. 2005லேயே எட்டிவிட்டார்கள்!

எப்படி? இலவசமாகக் கொடுக்கவில்லை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன். கொஞ்சம் மானியம் உண்டு. மீதியில் வீட்டுக்காரர்கள் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினார்கள், பாக்கியை மாதத் தவணையில் அடைத்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் போன காசு தவணைக்குப் போனது. பலகையைப் பொருத்தியதும் தவணை வசூலித்ததும் கிராமீன் சக்தி போன்ற அமைப்புகள். பொருத்தியதை இட்கால் ஆட்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் என்ன ஆகும் என்று. எத்தனையோ நாடுகளில் இலவச சூரிய விளக்குத் திட்டங்கள் பேட்டரியோடு சேர்ந்து செத்துப்போயின. யாரிடம் போய்க் கேட்பது? கொடுத்தவர் ஊரிலேயே இல்லை. வங்கதேசத்தில் பேட்டரிக்கு 5 வருட உத்தரவாதம். அதைவிட முக்கியம், மாதாமாதம் வசூலுக்கு ஒருவர் வாசலுக்கு வருவார். "லைட் எரியல, முதல்ல அதப் பாருங்க, அப்புறம் பணம்" என்று வீட்டுக்காரம்மா அவரிடம் சொல்ல முடியும். நல்ல நிர்வாகம் என்று பெரிய அறிக்கைகளில் எழுதுகிறார்களே, எனக்கு அது இந்த வாசல்படியில்தான் தெரிகிறது. பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இவ்வளவு நன்றாக நடந்த திட்டம் அப்புறம் ஏன் சரிந்தது? 2013 வாக்கில் உச்சம். பிறகு அரசின் நிவாரணத் திட்டங்கள் வழியாக அதே பலகைகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்குச் சும்மா வந்தால் எதிர்வீட்டுக்காரர் எதற்குத் தவணை கட்டுவார்? பாக்கி குவிந்தது, வசூலித்த அமைப்புகள் கடனில் சிக்கின. அதே சமயம் மின்கம்பியும் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. கம்பி வந்தது நல்லதுதான், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் எந்த ஊருக்கு எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஓர் ஏழைக் குடும்பம் மூன்று வருடக் கடனில் இறங்கியிருக்காதே! ஒரே அரசின் இரண்டு திட்டங்கள் கலந்து பேசவில்லை. 

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சூரியப் பாசன பம்புகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் பம்புகளுக்குப் பதிலாக இவற்றுக்கும் இட்கால் நிதி தருகிறது. போரோ என்று அங்கே சொல்லும், பாசனத்தை நம்பிய நெல் பருவம் முடிந்தால் பம்புக்கு வேலை குறைவு. அந்த மாதங்களில் பலகை தரும் மின்சாரத்தைப் பொது மின்கம்பிக்கு விற்கலாம். அந்த வருமானத்தில், பம்புக்காரரிடம் தண்ணீர் வாங்கும் விவசாயிக்கும் பங்கு வேண்டும் என்பது என் கட்சி. நன்றி, வணக்கம்.