கர்த்தருக்குப் பிரியமான நிறைகல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

தேவனுக்குப் பிரியமாய் வாழ்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஜெபம், உபவாசம், வேதவாசிப்பு பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அவை வேண்டும்தான். ஆனால் இன்று உங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போகிறேன். வேதமே அங்கே கூட்டிப் போகிறது. நீதிமொழிகள் 11-ம் அதிகாரம், முதல் வசனம்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல்.

பழைய இஸ்ரவேலில் காசு அச்சடிக்கும் வழக்கம் இல்லை. வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள், வாங்கினார்கள். வியாபாரியின் பையில் சின்னச் சின்ன நிறைகற்கள் இருக்கும். யூதேயாவில் மண்ணைத் தோண்டிய இடங்களில் அவை நிறையக் கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்புக் கல், அடி தட்டை, தலை உருண்டை. ஒரு சேக்கல் கல் சுமார் 11 கிராம்தான். அதன் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால், கோதுமை விற்று வெள்ளி வாங்க வந்த விதவைக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் உபாகமம் 25-ம் அதிகாரம், பையிலே பெரிதும் சிறிதுமான கற்களை வைத்திருக்காதே என்கிறது. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல், அது கூடாது.

ஆமோஸ் தீர்க்கதரிசி தெக்கோவாவில் ஆடு மேய்த்தவர். கி.மு. 8-ம் நூற்றாண்டில், நாட்டில் பணம் புரண்ட காலத்தில், வடக்கே பெத்தேலுக்குப் போய் நின்று பேசினார். அவர் கண்டித்த வியாபாரிகள் ஓய்வுநாளில் கடை திறந்தவர்கள் அல்ல, கவனியுங்கள். ஒழுங்காக அடைத்தவர்கள். ஆனால் எப்போது இந்த நாள் முடியும், எப்போது அளவைக் குறைத்து, பதரையும் சேர்த்து விற்கலாம் என்றே மனசு ஓடியது. அந்த ஜனத்தைப் பார்த்துத்தான் கர்த்தர், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்றார். ஞாயிற்றுக்கிழமை பாட எழுந்து நிற்கும்போதெல்லாம் இந்த வார்த்தை என்னை நடுங்க வைக்கிறது.

நம் பையிலும் இரண்டு கல் இருக்கிறது. மகளைக் கட்டிக்கொடுக்கும்போது வரதட்சணை பாவம் என்கிறோம். மகனுக்குப் பெண் எடுக்கும்போது, "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே செய்கிறார்கள்" என்கிறோம். நம் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனால் கொதிக்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று வாய் கூசாமல் சொல்கிறோம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினாரே, அந்தச் சத்தம் நம் துதிச் சத்தத்தைத் தாண்டித் தேவனுடைய காதில் விழும்.

இதைக் கேட்டுப் பயந்துபோக வேண்டாம். எரிகோவில் சகேயுவைப் பாருங்கள். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஊரே முறுமுறுத்த மனுஷன். இயேசு அவனைத் திருத்திவிட்டு அவன் வீட்டுக்குப் போகவில்லை, முதலில் போனார். அந்த அன்புதான் அவன் கையைத் திறந்தது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

சரி, உங்களில் யாராவது ஒரு வேலையாளின் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு என்கிறது உபாகமம். இங்கிருந்து கிளம்பியதும் நேரே அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் கொடுத்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேளுங்கள்.