பத்து இலையை ஒண்ணா அரைச்சா பொய்க் கணக்குதான் வரும்!

[திரையில்: பீன்ஸ் செடி, ஒரே ஒரு சிற்றிலை க்ளோஸ்-அப்]

இலை மேல எத்தனை பாக்டீரியா இருக்குன்னு எண்ணணும். பத்து பீன்ஸ் சிற்றிலை (பீன்ஸ் இலையோட மூணு பிரிவுல ஒண்ணு) பறிக்கிறோம். ஒன்பதுல தலா ஆயிரம் பாக்டீரியா, பத்தாவதுல மட்டும் பத்து லட்சம். எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சு எண்ணினா, இலைக்குச் சராசரி 1,00,900. அப்படி ஒரு இலை அந்தத் தோட்டத்துலயே கிடையாது! ஒவ்வொரு எண்ணுக்கும் லாக் (மடக்கை) எடுத்துச் சராசரி போட்டு, திரும்ப எண்ணா மாத்தினா சுமார் 2,000. ஐம்பது மடங்கு வித்தியாசம், வீடியோவைப் பாஸ் பண்ணிப் போட்டுப் பாருங்க.

இலை மேல பாக்டீரியா வாழறது சகஜம், முக்காவாசி சாதுதான். அதை விடுங்க.

1982-ல அமெரிக்காவோட விஸ்கான்சின்ல ஹிரானோ, அப்பர்ங்கிற விஞ்ஞானிகளோட குழு காட்டினது இதைத்தான்: பக்கத்துப் பக்கத்து இலையிலயே எண்ணிக்கை தாறுமாறா மாறும். பீன்ஸ் பழுப்புப் புள்ளி நோய்க்குக் காரணமான சூடோமோனாஸ் சிரிஞ்சேங்கிற பாக்டீரியா, ஒரு சிற்றிலையில 10,000-ஐத் தாண்டினா ஆபத்து. இப்ப வேற கணக்கு: ஒன்பதுல நூறு நூறு, ஒண்ணுல 50,000. சராசரி 5,090. "தோட்டம் பத்திரம்"னு ரிப்போர்ட் வரும், அந்த ஒரு இலை வெடிக்கத் தயாரா உக்காந்திருக்கும். அதனால சராசரியை விடுங்க, எத்தனை இலை 10,000-ஐத் தாண்டிச்சுன்னு எண்ணுங்க.

[திரையில்: டெஸ்ட் டியூப் வரிசை]

லேப்ல இருக்கறவங்க குறிச்சுக்கங்க. ஒரு சிற்றிலைக்கு ஒரு டியூப், 20 மில்லி பாஸ்பேட் பஃபர் (பாக்டீரியாவைக் கழுவி எடுக்கற உப்புக் கரைசல்), அல்ட்ராசோனிக் பாத்ல (ஒலி அதிர்வுத் தொட்டி) 7 நிமிஷம். அதுல 0.1 மில்லி எடுத்து கிங்ஸ் பி தட்டுல (பாக்டீரியா வளர்க்கற ஊடகம்) பரப்பி, 28 டிகிரியில ரெண்டு நாள். 0.1 மில்லின்னா 200-ல ஒரு பங்கு, அப்ப 50 காலனி (ஒரு பாக்டீரியா பெருகி உண்டாக்கற புள்ளி) வந்தாலே இலைக்கு 10,000! பூஞ்சையைத் தடுக்கற சைக்ளோஹெக்சிமைடை ஊடகத்துல கலக்க மறந்தா பூஞ்சை தட்டையே மூடிடும். இலையை ஐஸ் பெட்டியில கொண்டு வாங்க. வெயில்ல நிக்கிற கார்ல, பாலிதீன் பைக்குள்ள வச்சா பாக்டீரியா வழியிலயே பெருகிடும், நீங்க எண்ணப்போறது பையோட கணக்கு. யுவி விளக்குல மினுங்கினதெல்லாம் சிரிஞ்சேன்னு நம்பாதீங்க, அதோட சொந்தக்கார பாக்டீரியா சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸும் மினுங்கும். ஆக்சிடேஸ்ங்கிற நொதி டெஸ்ட் போடுங்க: ஃப்ளூரசன்ஸ் பாசிட்டிவ், சிரிஞ்சே நெகட்டிவ்.

ஒரே இலைக்குள்ளயும் சமமா இருக்காது. 2 மைக்ரான் பாக்டீரியாவை ஆள் உயரத்துக்குப் பெருசாக்கினா, 10 சென்டிமீட்டர் இலை 85 கிலோமீட்டர் நீளம்! அதுல ஈரம் தங்கற இலை முடிகளோட அடியிலயும் நரம்போரத்துலயும்தான் கூட்டம்.

வயல் அளவுக்கு வந்தா, மழை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அதே விஸ்கான்சின் குழு செடிக்கு மேல மெல்லிய வலை கட்டினாங்க. தண்ணி கிடைச்சுது, துளியோட வேகம் மட்டும் குறைஞ்சுது. வெட்டவெளிச் செடியில மழைக்கப்புறம் பாய்ச்சலா பெருகின சிரிஞ்சே, வலைக்குக் கீழ அப்படிப் பெருகல. ஈரம் மட்டும் பத்தல, அடியும் வேணுமாம்! ஏன்னு உங்க யூகத்தைக் கமெண்ட்ல போடுங்க. கனமழை பெஞ்சா மட்டும் போன வாரக் கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசா இலை பறிங்க. ஒவ்வொண்ணும் தனித்தனி டியூப்ல.