டான்சிலை எப்போது எடுக்க வேண்டும்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "டாக்டர், அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வருகிறது, டான்சிலை எடுத்துவிடலாமா?" என்கிறார்கள். மாதந்தோறும் மருந்துக்கடைக்குப் போய் அலுத்து, பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்துச் சலித்தபின் எழும் கேள்வி அது. அதற்கு ஒரு மருத்துவர் பொறுப்போடு விடை சொல்ல வேண்டுமானால் எந்தச் சான்றின் மேல் நின்று சொல்ல வேண்டும், அந்தச் சான்று எப்படித் திரட்டப்பட்டது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டான்சில் என்பது தொண்டையின் இரு பக்கங்களிலும் இருக்கும் நோய் எதிர்ப்புத் திசு. பால்குடிப் பருவத்தில் சிறிதாக இருந்து, பள்ளிக்குச் செல்லத் தொடங்கும் வயதில் பெரிதாகி, பதின்பருவத்தை நெருங்கும்போது பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். எனவே பெரிதாகத் தெரிகிறது என்பது மட்டுமே அதை எடுப்பதற்குக் காரணமாகாது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மருத்துவ உலகம் இதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 1934ஆம் ஆண்டு நியூயார்க் பள்ளிகளில் 11 வயதுக் குழந்தைகள் ஆயிரம் பேரைப் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வைக் கேட்டால் இன்றும் மனம் துணுக்குறுகிறது. அவர்களில் 611 பேருக்கு டான்சில் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. மீதி 389 பேரைப் பரிசோதித்த மருத்துவர்கள் 174 பேருக்கு அறுவை தேவை என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டியபோது அவர்களிலும் 99 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதன்பின் எஞ்சிய 116 பேரை மூன்றாவது குழு பார்த்து, 51 பேருக்கு அறுவையைப் பரிந்துரைத்தது. குழந்தையின் தொண்டையில் என்ன இருந்தாலும், தாம் பார்க்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறுவை செய்யலாம் என்ற மருத்துவர்களின் மனப்பழக்கமே அங்கே முடிவு செய்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஜேம்ஸ் அலிசன் குளோவர் பள்ளிக் குழந்தைகளின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, அடுத்தடுத்த பகுதிகளுக்கு இடையிலேயே இந்த அறுவையின் விகிதம் பல மடங்கு வேறுபடுவதையும் அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் தென்படாததையும் காட்டினார்.

அப்படியானால் உண்மையாகவே பயன் பெறும் குழந்தைகள் யார்? இதற்கு விடை தேடப் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ். அவர் 1978இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு, என் பார்வையில், பின்னர் வந்த பெரிய ஆய்வுகளுக்கு ஈடான மதிப்புடையது. அடிக்கடி தொண்டை அழற்சி வருவதாகப் பெற்றோர் அழுத்தமாகச் சொன்ன, ஆனால் மருத்துவக் குறிப்பேடுகளில் பதிவு இல்லாத 65 குழந்தைகளை அவர் அறுவை செய்யாமல் கவனமாகத் தொடர்ந்து பார்த்தார். பெற்றோர் சொன்ன அளவுக்கு நோய் வந்தது 11 பேருக்கு மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவே இல்லை, அல்லது ஓரிரு முறை, அதுவும் பெரும்பாலும் லேசாகத்தான் வந்தது. பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நோய் உச்சத்தில் இருக்கும் காலத்தில்தான் மக்கள் மருத்துவரைத் தேடி வருகிறார்கள். உச்சத்துக்குப் பின், எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே, தணிவதுதான் இத்தகைய நோய்களின் இயல்பு. அந்த நேரத்தில் அறுவை செய்திருந்தால், அந்தக் குழந்தைகளின் நலம் முழுவதும் அறுவையின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பெற்றோரும் மருத்துவரும் மனமார அதை நம்பியிருப்பார்கள்.

இந்த இயல்பான தணிவை அறுவையின் பயனிலிருந்து பிரித்தறிய ஒரே நம்பகமான வழி, ஒத்த நிலையில் உள்ள குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அறுவை செய்து, மற்றவர்களை மருந்து மட்டும் கொடுத்துக் கண்காணிப்பது. பாரடைஸ் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 187 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் 91 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள், மற்றவர்களின் சிகிச்சையைப் பெற்றோரே தேர்ந்தெடுத்தார்கள். ஆய்வில் சேர்வதற்கான தகுதி மிகக் கடுமையானது. ஓர் ஆண்டில் ஏழு முறையாவது, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறையாவது, அல்லது தொடர்ந்து மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறையாவது தொண்டை அழற்சி வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்து நிணநீர்க் கட்டிகளின் வீக்கம், டான்சில் மேல் சீழ்ப் படலம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி உறுதிப்படுதல் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்ததாக மருத்துவர் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த அளவுக்குத் துன்பப்பட்ட குழந்தைகளுக்கு, அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டுகளில் தொண்டை அழற்சி தெளிவாகக் குறைந்தது. அதே வேளையில், அறுவை செய்யப்படாத குழந்தைகளிலும் பலருக்கு ஆண்டுக்கு மூன்று முறைக்கும் குறைவாகவே வந்தது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இன்று உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகளில் காணப்படும் ஏழு, ஐந்து, மூன்று என்ற அளவுகோல் இந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

இதைவிட மிதமாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி அதே குழுவினர் 2002இல் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். அறுவையால் சிறிது பயன் இருந்தது. ஆனால் அறுவை இல்லாதவர்களுக்கும் நோய் அரிதாகவே வந்ததாலும், அறுவை செய்யப்பட்ட 203 பேரில் 16 பேருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்ததாலும், அந்தப் பயன் அறுவையின் இடரை நியாயப்படுத்தவில்லை என்றார்கள். தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒரு சிகிச்சைக்கு எல்லை வகுத்துச் சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பெரியவர்களுக்கு நிலைமை வேறு. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 453 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் தொண்டை வலி இருந்த நாட்களின் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் எண்ணிக்கை, அறுவை செய்தவர்களுக்கு 23, மற்றவர்களுக்கு 30 என்று கண்டார்கள். பயன் உண்டு, ஆனால் அறுவை செய்துகொண்டவர்களில் 19 சதவீதத்தினருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. நோயாளியிடம் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொண்டை வலிக்காக அன்றி, உறக்கத்தில் மூச்சு அடைபடுவதற்காக டான்சிலையும், மூக்கின் பின்புறம் இருக்கும் அதே வகைத் திசுவான அடினாய்டையும் அகற்றுவது தனிக் கதை. குழந்தை உரக்கக் குறட்டை விடுவது, வாயைத் திறந்தே தூங்குவது, இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பது ஆகியவற்றைப் பெற்றோர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள 464 குழந்தைகளை அமெரிக்காவில் ஏழு மாதங்கள் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்யப்பட்டவர்களில் 79 சதவீதத்தினருக்கு, உறங்கும்போது மூச்சை அளக்கும் உறக்கப் பரிசோதனையின் முடிவு இயல்பு நிலைக்குத் திரும்பியது. காத்திருந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 46 சதவீதத்தினருக்கும் அது தானாகவே திரும்பியது. கவனத்தை அளக்கும் தேர்வில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நடத்தையிலும் அன்றாட வாழ்க்கைத் தரத்திலும் அறுவை செய்யப்பட்டவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனவே மூச்சுத்தடை கடுமையாக இல்லாத குழந்தைக்குச் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் அலட்சியமாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

அறுவை செய்யும் முறையும் விளைவை மாற்றுகிறது. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 34,000 நோயாளிகளைப் பதிவு செய்த தணிக்கை ஒன்றில், மின்வெப்பம் போன்ற சூடான கருவிகளைக் கொண்டு செய்த அறுவைகளில், பழைய எஃகுக் கருவிகளால் மட்டும் செய்தவற்றைவிட ரத்தக்கசிவு சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. அறுவை நேரத்தில் ரத்தம் குறைவாகப் போவதைக் கண்டு அந்தக் கருவிகளை விரும்பிய மருத்துவர்களுக்கு இது எதிர்பாராத செய்தி. அறுவை அரங்கில் தெரியாத உண்மை, ஒரு வாரம் கழித்து வீட்டில் இருக்கும் நோயாளியையும் கணக்கில் சேர்த்தபோதுதான் வெளிப்பட்டது. வலிக்காகக் கொடுக்கப்பட்ட கோடீன் மருந்தும் அப்படித்தான். சில குழந்தைகளின் உடல் அதை மிக விரைவாக மார்பினாக மாற்றிவிடுவதால் மூச்சு ஒடுங்கி உயிரிழப்புகள் நேர்ந்தது கண்டறியப்பட்டு, டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உச்ச நிலை எச்சரிக்கையை வெளியிட்டது.

இந்த ஆய்வுகள் அனைத்தும் நம் நாட்டுக்கு வெளியே நடந்தவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதற்கு அஞ்சி டான்சிலை எடுக்கக் கேட்பவர்கள் உண்டு. அந்த நோயைத் தடுப்பது பென்சிலின்தான். ஏற்கெனவே இதயம் பாதிக்கப்பட்ட குழந்தை, டான்சில் எடுத்திருந்தாலும், பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளவே வேண்டும்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, ஒரு சிறு நோட்டில் குழந்தைக்குத் தொண்டை வலி வந்த தேதி, காய்ச்சலின் அளவு, மருத்துவர் என்ன பார்த்தார், எந்த மருந்து கொடுத்தார், எத்தனை நாள் பள்ளி போயிற்று என்பதை எழுதி, மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள். அறுவை முடிந்து வீடு திரும்பினால், ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கூடுதல் கவனத்தோடு இருங்கள். தொண்டையில் வெண்மையாகப் படர்ந்திருக்கும் படலம் சீழ் அல்ல, புண் ஆறுவதன் அறிகுறி. ஆனால் எச்சிலில் புது ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.