தோழி அடுக்கிய பூக்கள்

(கொடைக்கானலில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நூல்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஒன்று, நச்சினார்க்கினியர் உரையோடு, பத்துப்பாட்டில் ஒன்றான கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. மற்றொன்று, ராஜம் கிருஷ்ணன் எழுதி 1963இல் வெளிவந்த ‘குறிஞ்சித்தேன்’ நாவல்.

குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட அடிகளில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அப்பட்டியலைச் சங்ககாலத் தாவரவியல் என்று மேடைதோறும் புகழ்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை என்று நான்கு பூக்கள் கடந்த பிறகே குறிஞ்சி வருகிறது. சற்றுத் தள்ளித் தாமரையும் நெய்தலும் புன்னையும் வந்து சேர்கின்றன. குளத்துப் பூவும் கடற்கரைப் பூவும் ஒரே மலைச்சாரலில் பறித்தவையாக இருக்க முடியாது.

பேசுபவள் யார் என்று பார்த்தால் வேறொன்று புலப்படும். தலைவியின் உடல் மெலிவுக்குக் காரணம் தெரியாமல் அவளை வளர்த்த தாயான செவிலி கலங்கி நிற்கிறாள். மறைத்து வைத்த காதலைத் தோழி அவளிடம் சொல்லியாக வேண்டும். அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. நிற்பவளுக்குத்தான் அதன் நடுக்கம் தெரியும். தினைப்புனத்தில் தழல், தட்டை என்னும் கிளி விரட்டும் கருவிகளைக் கொண்டு கிளி ஓட்டியதையும், அருவியில் ஆடியதையும் சொல்லி, பறித்த பூக்களை மழை கழுவிய அகன்ற பாறையில் குவித்ததையும் சொன்ன பிறகே, நாய்கள் சூழ வரும் அந்த இளைஞனை அவள் பேச்சுக்குள் வரவிடுகிறாள். அவன் வருகையை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவுக்குப் பூக்களை அடுக்குகிறாள் என்றே நான் வாசிக்கிறேன்.

இந்தப் பூக்களில் சில நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, அவருக்குக் கிடைத்த ஏடுகளில் மலர்ப் பெயர்கள் சில விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்து ஏட்டில் தேடி அவற்றைக் கண்டெடுத்தார். ‘உதிர்ந்த மலர்கள்’ என்று அதற்கு ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

கபிலர், பழனி மலைப்பகுதியை ஆண்ட பேகனைப் பாடியவர். ஆகையால் நம் பழனி மலையை அவர் கண்டிருப்பார் என்று நம்ப எனக்கு ஆசை. ஆசையைச் சான்றாக்க மாட்டேன்.

நாவலுக்கு வருகிறேன். கணவரின் மின்துறைப் பணியால் நீலகிரியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படகர் சிற்றூர் ஒன்றின் வாழ்வை அங்கு வைத்தே எழுதினார். கபிலரிடம் நூற்றில் ஒன்றாகக் கலந்துபோன அதே பூ, இங்கே காலத்தை அளக்கும் கருவியாகிவிடுகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது; ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், பணமும் தோட்டப் பயிரும் ஊருக்குள் நுழைந்துவிடுகின்றன. 2006இலும் 2018இலும் இங்கே குறிஞ்சி பார்த்தவர்கள், அந்த இடைவெளியில் தம் வீட்டில் நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

ஒரு குறையும் உண்டு. ஊரோடு நிற்கும் ஜோகியிடம் ஆசிரியர் காட்டும் பரிவு, பணத்தைத் தேடி வெளியேறும் ரங்கனுக்குக் கிடைப்பதில்லை. வறண்ட ஆண்டில் மலைக்காட்டைக் கொத்திப் பார்த்த எவரும், ஓடிப்போகிறவனை இவ்வளவு எளிதாகக் குற்றவாளியாக்க மாட்டார்கள். நான் இன்னும் பாதியில்தான் இருக்கிறேன். பின்பகுதியில் அவனுக்கு நியாயம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படித்து முடித்தவர்கள் இங்கே இருந்தால் அதை மட்டும் இப்போது சொல்லிவிடாதீர்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பட்டியலை இப்போது ஒருமுறை வாசிக்கிறேன், உங்கள் ஊரில் இன்றும் பூப்பவற்றுக்குக் கை தூக்குங்கள், குறித்துக்கொள்கிறேன்.