50 லட்சம் 18 வருஷத்துக்குத்தான் வரும்

நேயர்களுக்கு வணக்கம். பேனாவும் கிழித்த காலண்டர் தாளும் கைக்கு எட்டினால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

தனியார் கம்பெனியில் உழைத்து 58 வயதில் ஓய்வு பெறுகிறவர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். அரசு ஊழியரின் பழைய பென்ஷனில் அகவிலைப்படி ஏறும். தனியாரில் அது கிடையாது. கைக்கு வருகிற மொத்தத் தொகைதான் கடைசிவரைக்கும்.

பி.எஃப்., கிராஜுவிட்டி, டெபாசிட் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 50 லட்சம் தேறுகிறது என்று வையுங்கள். வீட்டுச் செலவு மாதம் 25,000, வருஷத்துக்கு 3 லட்சம். 7 சதவீத வட்டியில் 50 லட்சத்துக்கு வருஷம் மூன்றரை லட்சம் வருகிறது. “வட்டியே செலவுக்கு மிஞ்சுகிறது, அசலைத் தொடவே வேண்டாம்” என்று மனசு நிம்மதியாகிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் கணக்கை இந்த இடத்தில் மூடிவிடுகிறார்கள்.

விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துத் தொடர்ந்து பாருங்கள். வருஷ ஆரம்பத்தில் செலவுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு வட்டி சேர்க்கிறோம். முதல் வருஷ முடிவில் 50 லட்சத்து 29 ஆயிரம். நாலாவது வருஷ முடிவில் 50 லட்சத்து 3 ஆயிரம். ஐந்தாவது வருஷம் 49 லட்சத்து 48 ஆயிரம். பாஸ்புக்கைப் பார்த்தால் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியாது. பத்து வருஷத்தில் 41 லட்சத்து 76 ஆயிரம். அதற்கப்புறம்தான் சரிவு. பதினைந்தில் 21 லட்சத்து 60 ஆயிரம், பதினெட்டில் வெறும் 28 ஆயிரம். அடுத்த வருஷச் செலவோ எட்டரை லட்சம். அப்போது அவருக்கு வயது 76. மனைவி மூன்று வயது இளையவர் என்றால் 73. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதா அது?

முதல் ஐந்து வருஷம் அசையாமல் நிற்கிற அந்த இருப்புதான் ஆளை ஏமாற்றுவது. ஓட்டை ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிறபோது அடைக்க வழியிருக்காது.

எனவே “எத்தனை லட்சம் இருக்கிறது” என்பதைத் தள்ளி வைத்துவிட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் செலவு எப்போதும் குறைவாகத்தான் வரும். பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக் கூட்டுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை, வண்டி இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு ஒருமுறை என்று வருவதால்தான் ஒரு மாதக் கணக்கை வைத்துப் பன்னிரண்டால் பெருக்கக் கூடாது. தீபாவளி, ஊர்த் திருவிழா, மொய் எல்லாவற்றையும் சேருங்கள். சம்பளம் நின்றாலும் கல்யாணப் பத்திரிகை வருவது நிற்காது. நமக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். போர் மோட்டார், ஃப்ரிட்ஜ், வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றவற்றுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். பி.எஃப். பிடித்தம், முடிந்துபோகும் வீட்டுக் கடன் தவணை, வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் இவற்றை அடித்துவிடலாம். கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் அதற்கான பிரீமியம் புதிதாக ஏறும்.

இதற்குள் இன்னொரு சிக்கல். ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் புதிய பாலிசியில் அந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை இருக்கலாம். ஆகவே சொந்தப் பாலிசியை 55 வயதுக்குள் எடுத்துவிட வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. 58-க்கும் 70-க்கும் நடுவில் உள்ள பன்னிரண்டு வருஷத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வருமானம். பி.எஃப்.போடு வரும் பென்ஷனைப் பெரிதாக நம்பாதீர்கள். முதலாளி கட்டும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. அதுவும் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும், அதாவது மாதம் 1,250. பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் சூத்திரம். 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு உச்சவரம்பு 6,500. ஆகவே உச்சவரம்புக்குள் கட்டி 25 வருஷம் வேலை பார்த்தவருக்கும் இன்று மாதம் 4,000 ரூபாய் அளவில்தான் வரும். அதற்கு அகவிலைப்படி கிடையாது. இருபது வருஷம் கழித்தும் அதே 4,000 என்பதால், உங்கள் செலவுக் கணக்கிலிருந்து பென்ஷனில் பாதியை மட்டும் கழியுங்கள். 30 வருஷத்துக்கு அதன் உண்மையான மதிப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்.

மாடி போர்ஷன் வாடகை வந்தால் முழுதாகக் கழிக்கலாம். வாடகை விலைவாசியோடு ஏறும். ஆனால் பதினொரு மாத வாடகை என்றே எழுதுங்கள். ஆள் மாறும்போது ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும்.

இப்போது பெருக்கல். எத்தனை வருஷத்துக்குப் பணம் வேண்டும் என்பதை இருவரில் இளையவரை வைத்து எண்ணுங்கள். மனைவிக்கு 55 என்றால் 85 வரையாவது, 30 வருஷம். வட்டியும் விலைவாசியும் ஒரே வேகத்தில் ஓடினால், ஒரு வருஷச் செலவைப் போல 30 மடங்கு வேண்டும். வட்டி 1 சதவீதம் முந்தினால் 26 மடங்கு. 2 சதவீதம் முந்தினால் 23. 1 சதவீதம் பின்தங்கினால் 35. அமெரிக்காவில் 1994-இல் வில்லியம் பெங்கன் கண்டுபிடித்த 4 சதவீத விதியை, அதாவது 25 மடங்கை, இங்கே பலர் அப்படியே எடுத்துச் சொல்கிறார்கள். அது அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் கலந்து வைத்துப் போட்ட கணக்கு. எல்லாப் பணத்தையும் டெபாசிட்டில் போடுகிறவருக்கு அது பொருந்தாது.

26 மடங்கை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கூட்டியபின் செலவு மாதம் 34,000 என்று வையுங்கள், பாதிப் பென்ஷன் 2,000 போனால் 32,000. வருஷத்துக்கு 3 லட்சத்து 84 ஆயிரம். 26-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு கோடி. மாடி வாடகை சராசரியாக மாதம் 8,000 என்றால் தேவை 75 லட்சத்துக்கு இறங்கிவிடும். மாதம் ஆயிரம் ரூபாய் செலவைக் குறைத்தால் மூன்று லட்சத்துக்கு மேல் தேவை குறையும். கையிருப்பைக் கூட்டும்போது குடியிருக்கும் வீட்டையும் கழுத்தில் கிடக்கும் நகையையும் சேர்க்காதீர்கள். பிள்ளை கல்யாணம் பாக்கியிருந்தால் அந்தத் தொகையை முதலில் எடுத்து வையுங்கள்.

பணத்தை எங்கே வைப்பது? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் முதல் இடம். 55 வயதைத் தாண்டி ஓய்வு பெற்றவர், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். ஐந்து வருஷத்துக்கு வட்டி மாறாது, ஆனால் தொகையும் கூடாது. பத்து வருஷத்துக்குப் பிறகு தேவைப்படும் பணத்தில் ஒரு பகுதியை மியூச்சுவல் ஃபண்டில் வைக்கலாம்; விலைவாசியை முந்த வேறு வழி குறைவு. மூன்று வருஷச் செலவு மட்டும் எப்போதும் டெபாசிட்டில் இருக்கட்டும். 2008 ஜனவரியில் 21,000-த்தில் இருந்த பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 9,000-க்குக் கீழே போனது. அந்த நேரத்தில் அரிசி வாங்க ஃபண்ட் யூனிட்டை விற்கும்படி ஆகக் கூடாது.

ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே பி.எஃப். கணக்கைத் திறந்து பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா? பழைய கம்பெனியில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா? பி.எஃப். உறுப்பினருக்கான அடையாள எண்ணான யு.ஏ.என். இரண்டு இருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள். நடுவில் பென்ஷன் பங்கை எடுத்திருந்தால் அந்த வருஷங்கள் சேவையில் சேராது; பத்து வருஷம் தேறாமல் போனால் மாதப் பென்ஷனே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் மீதமுள்ள பணத்தை அந்த வருஷத்துக்கு எடுக்க வேண்டிய தொகையால் வகுத்துப் பாருங்கள். 20 வருஷம் பாக்கியிருக்கும்போது விடை 18-க்குக் கீழே வந்தால், அந்த வருஷம் செலவுத் தொகையை ஏற்றாமல் போன வருஷ அளவிலேயே நிறுத்தி வையுங்கள். வணக்கம்.