மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது?

(மடிப்பாக்கத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் கிரிக்கெட் நடக்கிற நேரத்தில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஆசை நிஜம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து தோட்டம் போடலாம் என்றதுமே எல்லாரும் கேட்பது, என்ன விதை வாங்கலாம் என்பதைத்தான். விதை அப்புறம். மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? பள்ளிக்கூட லீவு, பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதால் ஒரு செடியும் நனையாது. ஆளுக்கு ஒரு கிழமை என்று பெயரோடு எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். மாடிச் சாவி யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சாவி வைத்திருப்பவர் காலை ஒன்பது மணிக்கு எழுந்திருப்பவராக இருந்தால் தோட்டம் போச்சு.

சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. குறைச்சலே இல்லை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது மட்டும் ஏறக்குறைய 1,30,000 லிட்டர். ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரில் தெருவில் படகு விட்ட இதே ஊர்தான், 2019 ஜூனில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது. அதனால் கோடைத் தண்ணீருக்கு வழி பார்த்துவிட்டே செடி வளர்க்கும் பையை நிரப்புங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், அதையே தினமும் ஊற்றாதீர்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் எல்லா வீட்டிலும் உண்டு. கீழே ஒரு டிரம் வைத்துச் சேர்க்கலாம். மூடி கட்டாயம், அன்றன்றைக்கே காலியாகவும் வேண்டும். ஒரு வாரம் தேங்கினால் டெங்குக் கொசு வளர்ப்பதாகிவிடும்.

இடம். பக்கத்துக் காலி மனை என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல், மனை விலை ஏறுகிற வரைக்கும்தான். நம் ஊரில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக 10 விழுக்காடு நிலத்தைப் பொது உபயோகத்துக்கு உள்ளாட்சியிடம் தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம் என்பார்கள். அங்கே தோட்டம் போடுவதென்றால், நிலம் மாநகராட்சியுடையது, அனுமதி கேட்டு மனு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

மொட்டைமாடி என்றால் இந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஓர் அடி உயரத்துக்கு மண் கொட்டி நனைத்தால் 500 கிலோ வரும். ஆட்கள் நடமாடும் மாடிக்குப் பொதுவாக வடிவமைப்பில் வைப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். பாத்தி கட்டி மண் கொட்டுகிற யோசனை இருந்தால் இன்றோடு விடுங்கள். தென்னைநார்க் கழிவும் மக்கிய உரமும் கூடுதலாகக் கலந்த பைகளை, சுவரும் பீமும் இருக்கிற ஓரமாக, இடைவெளி விட்டு வையுங்கள். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்றால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு பைகூட ஏற்றாதீர்கள்.

சரி, விதைக்கு வருகிறேன். முதலில் கீரை. முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும், ஆர்வம் வடிவதற்குள் குழம்பில் விழுந்துவிடும். வெண்டை, கத்தரிக்கு ஆடிப்பட்டம் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் கீரை விதைத்தால் விதையோடு போய்விடும். செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி உட்கார்ந்திருக்கும். அது கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

சண்டை பறிப்பதில்தான் வரும். என் கருத்து, கீரை பொதுவாக இருக்கட்டும், தக்காளியும் மிளகாயும் வீட்டுக்கு வீடு தனிப் பையில் இருக்கட்டும். பொதுத் தக்காளி பழுத்ததாக நான் பார்த்ததே இல்லை, காயிலேயே காணாமல் போகும். வாட்ச்மேன் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது ஊற்றப்போவது பெரும்பாலும் அவர்தான்.

இனிக் கேள்விகள் கேட்கலாம். அந்தக் கடைசி வரிசை அம்மா முதலில் கேட்கட்டும். 500 கிலோ என்று சொன்னதிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்.